வெப்பக் கதிரை அளந்த டிண்டலார்

கண்ணுக்குப் புலனாகாத பொருளொன்று உண்டென்று கருதுதல் எளிது; அதனை அளவிட்டு ஐயுறுவார்முன் நிலைநாட்டுதல் அரிது. அவ்வரிய செயலை மேற்கொண்டு, காற்றினூடு செல்லும் வெப்பக் கதிர்களை அளத்தற்குரிய கருவியைத் தாமே வகுத்தமைத்து, இவ்வுலகம் குளிரில் உறைந்து போகாமல் உயிர்கட்கு உறைவிடமாய் நிற்பதன் காரணத்தைத் தெளிவித்தவர் ஜான் டிண்டல் என்னும் அயர்லாந்துப் பேரறிஞர். இந்நாளில் செயற்கைத் துணைக்கோள்களில் ஏற்றி விண்ணிற் செலுத்தப்படும் அகச்சிவப்புக் கதிர்க்கருவிகள், பன்னூறு கிலோமீட்டர் உயரத்தினின்று நம் வளிமண்டலம் வெளிவிடும் கதிர்களை அளந்து அனுப்புகின்றன. அக்கருவிகளை வகுப்போர் இன்றும் எதிர்ப்படும் இடர்கள் பல, டிண்டலார் தம் நிலவறை ஆய்வுக்கூடத்தில் எதிர்ப்பட்டு வென்றவையே. ஆதலின் அவர்தம் வரலாற்றை, அவர் அமைத்த கருவியின் வரலாற்றோடு சேர்த்து ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

டிண்டலார் 1820 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2 ஆம் நாள், அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்து லெய்லின்பிரிட்ஜ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் காவற்படையிற் சிறு ஊதியம் பெற்று வாழ்ந்தவர். செல்வம் இலரேனும் கல்வியின் அருமையை நன்குணர்ந்தவர். அக்காலத்து அயர்லாந்தில் புராட்டஸ்டண்டினரும் கத்தோலிக்கரும் தம்முட் பிணங்கி நின்றனர். அங்ஙனமிருந்தும், புராட்டஸ்டண்டினராகிய அத்தந்தையார், கத்தோலிக்கராகிய கான்வில் என்னும் ஆசிரியரிடத்தே தம் மைந்தரைக் கற்க விடுத்தார். அவ்வாசிரியரிடம் பயின்ற கணிதமும் நில அளவையுமே இளைஞருக்கு வாழ்க்கை வழியைத் திறந்தன.

1839 ஆம் ஆண்டில் அவர் அயர்லாந்து நில அளவைத் துறையிற் சேர்ந்தார். 1842 இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகருக்கு மாற்றப்பட்டார். ஆங்குப் பணியாளர்க்கு அளிக்கப்பட்ட ஊதியமும், அவர்களை நடத்திய முறையும் நேரியன அல்ல என்று துணிந்து எடுத்துரைத்தமையால், 1843 இல் வேலையினின்று நீக்கப்பட்டார். பின்னர், இருப்புப்பாதைகள் நாடெங்கும் விரைந்து பரவிய அந்நாளில், சில ஆண்டுகள் பாதை அளக்கும் தொழிலில் உழைத்தார். இரவும் பகலும் ஓயாத தொழில் அது. முதல் அளவையிற் புகுந்த சிறு பிழை, அடுத்தடுத்த அளவைகளிற் பெருகி இறுதியில் அனைத்தையும் கெடுக்கும் என்னும் பாடத்தை அவர் கற்றது கல்லூரியிலன்று. வயல்வெளிகளிலும் வரைபடத் தாள்களிலுமே ஆகும்.

ஜெர்மனியும் லண்டனும்

1847 இல் ஹாம்ஷயரிலுள்ள குவீன்வுட் கல்லூரியில் கணித ஆசிரியராக அமர்ந்தார். ஆங்கு எட்வர்டு பிராங்க்லண்டு என்னும் வேதிநூல் ஆசிரியர் அவருக்கு நண்பரானார். அடுத்த ஆண்டே இருவரும் வேலையைத் துறந்து ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்திற்கு மாணவராய்ச் சென்றனர். டிண்டலாருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. சேர்த்து வைத்த சிறு பொருளைக் கொண்டு, அயல்மொழியிற் கற்று, புன்சன் முதலிய பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கேட்டு, 1850 இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1851 இல் பெர்லின் நகரத்துக் குஸ்டாவ் மாக்னஸ் என்னும் முதிய அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் இடம்பெற்று உழைத்தார். இம்மாக்னஸ் அவர்களின் பெயரை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் அவரை வேறோர் நிலையிற் காண்போம்.

தாயகம் மீண்ட டிண்டலார்க்கு உடனே வேலை கிட்டவில்லை. எனினும் 1852 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1853 ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிலையத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவு கேட்டோர் உள்ளத்தைக் கவர்ந்தது; அவ்வாண்டிலேயே அந்நிலையத்தின் இயற்கைத் தத்துவப் பேராசிரியரானார். மைக்கேல் பாரடே என்னும் மாமேதை ஆங்கு அவருக்கு மூத்தவராயும் தோழராயும் விளங்கினார். பாரடே உறுதியான கிறிஸ்தவ பக்தர். டிண்டலாரோ சமயக் கோட்பாடுகளில் ஐயமுடையவர். ஆயினும் இருவர்தம் அன்பு பாரடேயின் மறைவு வரையிற் குன்றாது நின்றது. 1867 இல் பாரடே காலஞ்சென்றபின், அவர்தம் ஆராய்ச்சிகளை விளக்கி நன்றியுள்ளத்தோடு நூலெழுதியவர் டிண்டலாரே.

எண்ணம் எழுந்த வகை

1856 இல் டிண்டலார் தம் நண்பர் ஹக்ஸ்லியோடு ஆல்ப்ஸ் மலைக்குச் சென்று பனியாறுகளின் இயல்பை ஆராயத் தொடங்கினார். மலையேறுதலிலும் பெரும் வேட்கையுடையவர். 1861 ஆம் ஆண்டு ஆகஸ்டு 19 ஆம் நாள் வைஸ்ஹார்ன் என்னும் கொடுமுடியை முதன்முதல் ஏறியவர் அவரும் அவருக்கு வழிகாட்டிய இருவருமே. முற்காலத்தில் பனியாறுகள் இப்போதினும் நெடுந்தொலைவு பரந்து கிடந்தன என்பதற்குரிய அடையாளங்களை மலைச்சரிவுகளில் அறிஞர் கண்டிருந்தனர். உலகின் வெம்மை அங்ஙனம் ஏறியிறங்குவதற்குக் காரணம் யாது என்னும் வினா அக்காலத்து அறிஞரிடையே நிலவியது.

1800 ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹெர்ஷல், ஞாயிற்றின் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியாற் பிரித்து, சிவப்பு நிறத்திற்கு அப்பால் ஒளியற்ற இடத்தில் வெப்பமானியை வைத்து, ஆண்டும் வெப்பம் உண்டெனக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கதிர். பின்னர் பூரியே என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், ஞாயிற்றின் ஒளியை உள்ளே விடுகின்ற வளிமண்டலம், நிலத்தினின்று மீளும் ஒளியற்ற வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றது எனக் கருதினார். கருத்து நன்று, ஆயினும் காற்றிலுள்ள எந்த வாயு, எவ்வளவு தடுக்கின்றது என அளந்து கூறினார் எவருமிலர். மெல்லோனி என்னும் இத்தாலிய அறிஞர் வெப்பக் கதிர் பற்றிப் பலவாறு சோதித்தும், காற்று அதனைத் தடுத்தலைக் காணக்கூடவில்லை. அக்கருமத்தை டிண்டலார் 1859 ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கினார்.

கருவியின் அமைப்பு

இனி அக்கருவியைச் சிறிது விரித்துக் கூறுவோம். டிண்டலாரின் பெருமை முழுதும் அதன்கண் அடங்கியுள்ளது.

நான்கடி அளவு நீளமுள்ள பித்தளைக் குழாய் ஒன்றை உட்புறம் மெருகிட்டு அவர் அமைத்தார். அதன் ஒரு முனைக்கு அப்பால் கொதிநீர் நிரப்பிய செப்புப் பெட்டி வெப்பக் கதிர்களை வீசும். மறுமுனைக்கு அப்பால் வெப்பமின் அடுக்கு என்னும் பொறி அக்கதிர்களை ஏற்கும். பிஸ்மத், ஆண்டிமனி என்னும் இருவகை உலோகச் சிறு கோல்களை மாறிமாறிப் பற்றவைத்துச் செய்தது அப்பொறி. அதன் ஒரு முகம் மறுமுகத்தினும் சிறிது வெம்மையுற்றால் மின்னோட்டம் பிறக்கும். அவ்வோட்டம் கால்வனாமீட்டரின் காந்த ஊசியைத் திருப்பும். குழாயை முதலில் வெற்றிடமாக்கி ஊசியின் நிலையைக் குறித்து, பின்னர் ஆராயவேண்டிய வாயுவை அதனுட் செலுத்தினால், வாயு உண்ட வெப்பத்தின் அளவுக்கேற்ப ஊசி இடம்பெயரும். சொல்லுதற்கு எளிதாகிய இம்முறை செய்தற்கு எத்துணை அரிதென்பதைக் காண்போம்.

முதல் இடர் குழாயை மூடும் பலகணி பற்றியது. கண்ணாடி ஒளியை விடும். வெப்பக் கதிரையோ பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆகவே கண்ணாடிக்கு ஈடாகப் பாறையுப்புப் படிகத்தை மெல்லிய தகடாக்கி மெருகிட்டுக் குழாயின் இரு முனையிலும் பொருத்தினார். உப்பு அக்கதிரைத் தடையின்றி விடும் என்பது மெல்லோனி கண்ட உண்மை.

இரண்டாம் இடர் அதனினும் பெரிது. வாயு உண்ணும் வெப்பம் மிகச் சிறிது. வெப்பமூலம் மெலிதாயின் அச்சிறுமையை உணர முடியாது. வெப்பமூலத்தை வலிதாக்கினாலோ, ஊசி பெரும் பாகைக்குத் திரும்பி நின்றுவிடும். அந்நிலையிற் சிறு மாறுதல் அதனை அசைப்பது அரிது. யானையை நிறுக்கும் கோலிற் கடுகை நிறுப்பார் நிலை அது. டிண்டலார் கண்ட வழி, துலாக்கோலின் வழியே. வெப்பமின் அடுக்கின் மறுமுகத்திற்கு எதிரே மற்றொரு கொதிநீர்ப் பெட்டியை வைத்து, இடையில் ஒரு திரையை முன்னும் பின்னும் நகர்த்தி, இரு முகத்திலும் விழும் வெப்பம் ஒத்து நிற்குமாறு செய்தார். இரண்டும் ஒத்தபோது ஊசி பூச்சியக் குறியில் நின்றது. வெப்பம் இருபுறமும் மிகுதி. ஆயினும் ஊசி மிக நுண்ணிதாய் உணரும் நிலை. இனிக் குழாயினுட் புகும் வாயு அணுவளவு வெப்பத்தை உண்டாலும் சமநிலை கெட்டு ஊசி விரைந்து திரும்பும்.

மூன்றாவது இடர், கருவியே தன் வெப்பத்தால் தன்னை ஏமாற்றுவது. கொதிநீர்ப் பெட்டியின் சூடு உலோகத்தின் வழியே பரவி உப்புத் தகட்டையும் குழாயையும் வெதுப்பினால், அவையே கதிர் வீசத் தொடங்கும். இதனைத் தடுக்க, பெட்டிக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு சிற்றறை அமைத்து அதனை வெற்றிடமாக்கி, அதனைச் சுற்றித் தண்ணீர் ஓடுமாறு செய்தார்.

இத்துணையும் செய்தபின் மற்றொரு விந்தை நிகழ்ந்தது. மின்னோட்டம் சிறிதும் இல்லாதபோதும் ஊசி பூச்சியக் குறியில் நில்லாது ஒதுங்கி நின்றது. செப்புக் கம்பியைச் சோதித்தார், அதிற் குற்றமில்லை. கம்பியின்மேற் சுற்றியிருந்த பச்சைப் பட்டு நூலின் சாயத்தில் இரும்பு கலந்திருந்தது. அதுவே காந்த ஊசியை ஈர்த்தது. வெண்பட்டுச் சுற்றிய கம்பியை அமைத்த பின்னரே ஊசி தன்னிலையில் நின்றது. பிறர் காந்தத்தின் குறையெனக் கைவிட்டிருக்கக் கூடிய ஒன்றை, நூலின் சாயம் வரையிற் சென்று தேடிய அவர்தம் பொறுமை வியத்தற்குரியது.

கண்டறிந்த உண்மைகள்

1859 இல் முதற் பயன்களை அரச கழகத்திற்கு அறிவித்தபின், டிண்டலார் 1860 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நாள்தோறும் எட்டுப் பத்து மணிநேரம் பல வாரங்கள் உழைத்தார். அளவைகளிற் போதிய நம்பிக்கை பிறவாமையால் பலவற்றைத் தள்ளி மீண்டும் தொடங்கினார். 1861 ஆம் ஆண்டு பிப்ரவரி 7 ஆம் நாள் அரச கழகத்தில் நிகழ்த்திய பேக்கேரியன் சொற்பொழிவிலே தம் முடிபுகளை விரித்துரைத்தார்.

பிராணவாயு, நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆகியவை வெப்பக் கதிரின்முன் ஏறக்குறைய வெற்றிடத்தையே ஒத்தன. நீராவி, கரியமிலவாயு, ஓசோன் முதலியனவோ வன்மையாய் வெப்பத்தை உண்டன. ஆய்வுக்கூடத்துக் காற்றை அப்படியே செலுத்தியபோது, ஈரமும் கரியமிலவாயுவும் நீக்கித் தூய்மை செய்த காற்றினும் பத்து மடங்குக்கு மேல் வெப்பம் உண்ணப்பட்டது. கண்ணுக்கு இவையனைத்தும் ஒருதன்மையனவே, நிறமுமில்லை, வடிவுமில்லை. ஆயினும் காற்றின் பெரும்பகுதி வாளாயிருக்க, அதன்கண் மிகச் சிறு பங்கினவாகிய வாயுக்களே நிலத்தின் வெப்பத்தைக் காக்கின்றன என்பது தெளிவாயிற்று. கரியமிலவாயுவோ அந்நாளிற் பத்தாயிரம் பங்கு காற்றில் மூன்று பங்கினும் குறைவாயிருந்தது.

வெப்பத்தை உண்ணுதல் மட்டுமன்று, உமிழ்தலையும் அவர் ஆராய்ந்தார். பழுக்கக் காய்ச்சிய செப்பு உருண்டையின்மேல் வாயுவைச் செலுத்தி, சூடேறி எழும் வாயுவின் கதிரைப் பொறியின்முன் அளந்தார். எவ்வாயு மிகுதியாய் உண்டதோ, அதுவே மிகுதியாய் உமிழ்ந்தது. இவ்வுண்மையே இன்று வளிமண்டலத்தை விண்ணிலிருந்து அளப்பதற்கு அடிப்படை. நீராவியும் கரியமிலவாயுவும் காலந்தோறும் மிகுதலும் குறைதலும் உலகின் தட்பவெப்ப மாறுதல்களுக்குக் காரணமாகலாம் என்றும் அவர் அப்போதே சுட்டினார்.

ஈண்டு ஒருவரை மறத்தல் நேர்மையன்று. 1856 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யூனிஸ் பூட் அம்மையார், கண்ணாடி உருளைகளிற் பல வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமிலவாயு ஏனையவற்றினும் மிகச் சூடேறுவதைக் கண்டு, அவ்வாயு மிகுந்தால் உலகம் வெம்மையுறும் என எழுதியிருந்தார். அவர் கருவி ஞாயிற்றின் கதிரையும் நிலத்தின் கதிரையும் பிரித்தறிய வல்லதன்று. எனினும் முதலிற் சுட்டிய பெருமை அவருடையது. நூற்றைம்பது ஆண்டுகள் மறைந்து கிடந்த அவர் பெயர் 2011 ஆம் ஆண்டளவிற்றான் மீண்டும் அறிஞருலகில் வழங்கலாயிற்று.

மாக்னஸோடு நிகழ்ந்த வழக்கு

டிண்டலார் முடிபுகளை எல்லாரும் உடனே ஏற்றாரல்லர். பெர்லினில் அவருக்கு இடமளித்த அதே மாக்னஸ், தாமும் சோதனை செய்து, நீராவி வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை என அறிவித்தார். உப்பு ஈரத்தை ஈர்ப்பது. உப்புத் தகட்டின்மேற் படிந்த நீர்ப்படலமே வெப்பத்தை உண்டது, நீராவியன்று என்பது அவர் வாதம். தக்க வாதமே அது. இதனை மறுக்க முடியாவிடின், டிண்டலார் கட்டிய மாளிகை முழுதும் சரிந்துவிடும். அதனினும், பிறருடைய பிழையை நுணுகிக் காட்டும் அவர்தம் கைத்திறமே ஐயத்திற்கு இடமாகும்.

டிண்டலார் சினந்து கூறாது சோதனையாலேயே விடைகூறினார். தகடுகளை அறவே நீக்கி, இருபுறமும் திறந்த குழாயில் உலர்ந்த காற்றையும் ஈரக்காற்றையும் மாறிமாறிச் செலுத்தினார், முடிபு மாறவில்லை. மாக்னஸோ, குழாயின் உட்சுவரில் ஈரம் படிகின்றது என்று பின்னும் வாதித்தார். வழக்கு முடியாமலே 1870 இல் அம்முதியவர் காலமானார். எதிரி மறைந்தமையால் வென்றோம் என டிண்டலார் எண்ணினாரல்லர். பதினோராண்டு கழித்து, 1881 இல், கிரகாம் பெல் கண்ட ஒரு புதுமையைத் துணைக்கொண்டார். விட்டுவிட்டு வீசும் வெப்பக் கதிரைச் சிறு குடுவையிலுள்ள வாயுவின்மேற் பாய்ச்சினால், கதிரை உண்ணும் வாயு கதிர் விழுந்தபோது விரிந்தும், நின்றபோது சுருங்கியும் ஒலி எழுப்பும். கதிரை உண்ணாத வாயு வாய்திறவாது. உலர்ந்த காற்று ஊமையாய் நிற்க, நீராவி இசைபோல் ஒலித்தது. தகட்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் இங்கு வேலையே இல்லை. இருபதாண்டு வழக்கு இங்ஙனம் காதாற் கேட்டுத் தீர்க்கப்பட்டது.

பிற பணிகளும் பண்பும்

டிண்டலார் ஆற்றிய ஏனைய பணிகளை விரிக்கிற் பெருகும். நுண்துகள்களில் ஒளி சிதறுதலை ஆராய்ந்தமையால், டிண்டல் விளைவு என அவர் பெயரே அதற்கு வழங்குகின்றது. மனிதர் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவை அவர்தம் குழாயைக் கொண்டே அவரும் அவர் உதவியாளர் பாரெட்டும் அளந்தனர். இன்று அறுவைக் கூடங்களில் நோயாளியின் மூச்சை அளக்கும் கருவிகள் அந்நெறியையே பின்பற்றுகின்றன. 1872 இல் அமெரிக்கா சென்று ஆற்றிய சொற்பொழிவுகளால் வந்த ஊதியத்தைத் தாம் கொள்ளாது, அந்நாட்டு மாணவர் அறிவியல் பயிலுமாறு அறக்கொடையாக்கினார்.

1874 இல் பெல்பாஸ்ட் நகரில் அவர் ஆற்றிய தலைமையுரை, உலகத் தோற்றம் பற்றி ஆராய்தல் அறிவியலுக்கே உரியது என்று வற்புறுத்தி, சமயத் தலைவர்களின் கடுங்கண்டனத்திற்கு இலக்காயிற்று. அவர் கொள்கை முழுவதையும் எம்போன்ற கிறிஸ்தவ மாணவர் ஏற்றல் இயலாது. எனினும் தாம் மெய்யென்று கண்டதை மறையாது கூறிய நேர்மையையும், கருத்து வேறுபட்ட பாரடேயைத் தந்தைபோல் போற்றிய பண்பையும் ஏலாதார் யாவர்?

இறுதி

1876 இல் லூயிசா ஹாமில்டன் அம்மையாரை மணந்தார். அம்மையார் அவர்தம் எழுத்துப் பணியிலும் ஆராய்ச்சிகளிலும் உற்ற துணையாயிருந்தார். 1887 இல் உடல்நலங் குன்றிப் பதவி துறந்து, சர்ரே மாவட்டத்து ஹைண்ட்ஹெட் என்னும் ஊரில் வாழ்ந்தார். உறக்கமின்மையால் நெடுங்காலம் வருந்திய அவர் இரவில் குளோரல் என்னும் மருந்தும், செரியாமைக்கு மக்னீசியாவும் அருந்துவது வழக்கம். 1893 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாட் காலை, அம்மையார் மக்னீசியாவென்று எண்ணிக் குளோரலை அளித்துவிட்டார். பிழை உடனே தெரிந்தும் உயிரைக் காக்க இயலவில்லை. ஒருதன்மையவாய்த் தோன்றுவனவற்றை வேறுபிரித்தறிதலையே தொழிலாய்க் கொண்டவர்க்கு, ஒன்றை மற்றொன்றெனக் கொண்ட பிழையால் முடிவு நேர்ந்தது. அம்மையார் மேலும் நாற்பத்தேழு ஆண்டு வாழ்ந்து, கணவர்தம் கடிதங்களையும் குறிப்புகளையும் சேர்த்துத் தொகுத்து வந்தார். அத்தொகுப்பைத் துணைக்கொண்ட வாழ்க்கை வரலாறு, அவரும் மறைந்தபின், 1945 இல் வெளிவந்தது.

விண்ணிற் சென்ற கருவி

டிண்டலார் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்தபின், அவர் நிலவறையில் தொடங்கிய அளவை விண்ணிற் சென்றது. அமெரிக்க நாட்டுக் கோடார்டு விண்வெளி நிலையத்தில் ருடால்ப் ஹானல் என்பாரும் அவர்தம் குழுவினரும், நிலமும் வளிமண்டலமும் உமிழும் அகச்சிவப்புக் கதிரை அலைநீளந்தோறும் பிரித்தளக்கும் ஐரிஸ் என்னும் கருவியை வகுத்தனர். 1968 ஆம் ஆண்டு மே 18 ஆம் நாள் அதனை ஏந்திச் சென்ற ஏவூர்தி நெறி தவறியமையால் வானிலேயே அழிக்கப்பட்டது. ஆண்டுகள் பல உழைத்தமைத்த கருவி கடலில் வீழ்ந்தது. குழுவினர் தளராது, 1969 ஏப்ரல் 14 ஆம் நாள் நிம்பஸ் 3 என்னும் துணைக்கோளிலும், அடுத்த ஆண்டு நிம்பஸ் 4 இலும் மீண்டும் அக்கருவியைச் செலுத்தினர். அவை ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றின.

அக்கருவியை டிண்டலார் கருவியோடு ஒப்புநோக்குவோம். பாறையுப்பின் இடத்தில் பொட்டாசியம் புரோமைடு என்னும் மற்றோர் உப்பின் படிகம் நின்றது. அதுவும் கதிரை விடுவது, ஈரம் பட்டாற் கெடுவது. வெப்பமின் அடுக்கின் இடத்தில், 1880 ஆம் ஆண்டளவில் லாங்லி கண்ட போலோமீட்டரின் வழித்தோன்றல் நின்றது. ஒத்துநோக்குதற்கு அவர் வைத்த இரண்டாம் கொதிநீர்ப் பெட்டியின் இடத்திலோ, வெம்மை அளவு நன்கறியப்பட்ட கரும்பொருள் ஒன்று கருவியினுள்ளே அமைந்தது. கருவியின் ஆடி ஒருகால் உலகையும், ஒருகால் அக்கரும்பொருளையும், ஒருகால் குளிர்ந்த வெறுவெளியையும் மாறிமாறி நோக்கும். ஏனெனில் கருவியும் வெம்மையுடையதே. ஆடியும் சட்டமும் தாமே அகச்சிவப்புக் கதிரை வீசுகின்றன. உலகின் கதிர் எவ்வளவு, தன் கதிர் எவ்வளவு என்று பிரித்தறியாக் கருவி தன்னையே அளந்து மயங்கும். விண்ணிற் சென்றபின் திருகாணி ஒன்றைத் திருத்துதற்கும் ஆள் செல்ல இயலாது; ஆதலின் கருவி தன் பிழையைத் தானே காட்டுமாறு முன்னரே வகுத்தல் வேண்டும்.

நிம்பஸ் 4 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ஜான் ஹௌட்டன் முதலிய பிரிட்டிஷ் அறிஞர் அமைத்த மற்றொரு கருவியும் சென்றது. கரியமிலவாயு அடைத்த சிறு கலங்களையே கதிரைத் தெரிந்தெடுக்கும் வடிகட்டியாக அது கொண்டிருந்தது. வாயு நிரப்பிய டிண்டலாரின் குழாய் சிறு வடிவெடுத்து விண்ணேறிற்று என்று சொல்லலாம். ஒரு வாயு வன்மையாய் உண்ணும் அலைநீளத்தில், கீழிருந்து வரும் கதிர் மேலெழ முடியாமையால், உயரத்திலுள்ள காற்றின் கதிரே கருவியை எட்டும். மெலிதாய் உண்ணும் அலைநீளத்தில் கீழ்க்காற்றின் கதிரும் எட்டும். இங்ஙனம் பல அலைநீளங்களில் அளந்து, வளிமண்டலத்தின் வெம்மையை அடுக்கடுக்காக அறிந்தனர். வானிலை முன்னறிவிப்பிற்கு இது பேருதவியாயிற்று.

ஐரிஸ் அனுப்பிய வரைகோட்டில், 15 மைக்ரான் அலைநீளத்தருகே கரியமிலவாயுவும், 9.6 மைக்ரான் அருகே ஓசோனும் குழிபறித்தாற்போல் தத்தம் அடையாளத்தைப் பதித்திருந்தன. அண்டார்டிகாவின் உறைபனிமேல் அளந்தபோதோ, கரியமிலவாயுவின் இடத்தில் குழிக்கு மாறாக மேடு தோன்றியது. ஆங்கு நிலம் மேற்காற்றினும் குளிர்ந்தது; ஆகவே வாயு உமிழ்ந்த கதிரே விஞ்சி நின்றது. மிகுதியாய் உண்பதே மிகுதியாய் உமிழும் என்று செப்பு உருண்டையின்மேற் கண்ட உண்மை, ஒரு கண்டமளவிற் காட்சியளித்தது.

இவ்வளவைகள் காலத்தால் மேலும் மதிப்புற்றன. 1970 இல் நிம்பஸ் 4 அளந்த கதிர்களை, 1997 இல் ஜப்பானியத் துணைக்கோள் ஒன்றிலிருந்த கருவி அளந்தவற்றோடு ஒப்பிட்டு, இடைப்பட்ட காலத்தில் கரியமிலவாயு முதலியவை மிகுந்து, விண்ணிற் செல்லும் வெப்பத்தை மேலும் தடுத்தலை 2001 இல் பிரிட்டிஷ் அறிஞர் வெளியிட்டனர். டிண்டலார் காலத்தில் பத்தாயிரத்தில் மூன்று பங்கினும் குறைந்திருந்த கரியமிலவாயு, இந்நாளில் நான்கு பங்கைக் கடந்துவிட்டது. முன்னைய கருவி பூச்சியக் குறியை மெய்யாகக் காட்டியிராவிடின், இருபத்தேழு ஆண்டு இடைவெளியில் நேர்ந்த நுண்ணிய மாறுதல் உலகினுடையதா, கருவியினுடையதா என்று ஒருவராலும் கூறியிருக்க இயலாது.

முடிவுரை

டிண்டலார் வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? அவர் செல்வக் குடியிற் பிறந்தாரல்லர்; இளமையிலேயே பல்கலைக்கழகம் புகும் பேறும் பெற்றிலர். அவர் பெற்றிருந்தது, தம் அளவையைத் தாமே ஐயுறும் உள்ளம் ஒன்றே. பிறர் குறைகூறுமுன் தம் கருவியின் குறையைத் தேடினார். பிறர் குறைகூறியபோது அக்குறையை இருபதாண்டு வரையிலும் சோதித்துத் தீர்த்தார். ஆய்வுக்கூடத்திற் புகும் நம் கல்லூரி மாணவருக்கும், ஏட்டுச்சுவடியிற் பாடபேதம் ஆராயும் எம்போன்ற தமிழ் மாணவருக்கும் இது பொதுவாகிய பாடமே. ஏட்டில் உள்ளது எது, எம் கண்ணும் விருப்பமும் ஏற்றிக் கூறுவது எது என்று பிரித்தறியாதார் படித்தறிந்தது யாதுமில்லை. கருவியைத் திருத்தினார்க்கே பொருள் புலனாகும். நாள்தோறும் விண்ணினின்று நம்மை நோக்கும் கருவிகள் யாவும், பச்சைப் பட்டு நூலின் சாயத்தையும் விடாது தேடிய அவ்வறிஞரின் பொறுமையையே அடித்தளமாகக் கொண்டு சுழல்கின்றன.